கழத்திப் போடு

என் இடது காது சின்னது.
இருபத்தொன்பது வயசு வரை இது எனக்குத் தெரியாது.
கம்மல் இரண்டும் ஒரே உயரத்தில்தானே ஆடின.

கருங்கல் சர்ச்சில் டிரம்ஸ் அடிக்கும் அஜின்
தன் பழைய இன்-இயரை என் தலையில் கட்டினான்.
பாதி விலை, உறைக்குள் மூன்று சோடி ரப்பர் குமிழ்.
வலதுக்கு நடுத்தரம் பொருந்திற்று.
இடதுக்கு, இருப்பதிலேயே சிறிசு.

அதுவரை ஸ்டூடியோவின் பெரிய ஹெட்போன்தான்.
மெத்தைத் தோல் உரிந்து
கறுப்புச் செதில்கள் கழுத்தில் ஒட்டும்.
மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய இரண்டாம் மாடி,
பஸ் போனால் மேசை நடுங்கும்.
ஹெட்போனின் முதுகோ வெறும் கம்பிவலை,
களியக்காவிளை பஸ்ஸும் ஹாரனோடு
கல்யாணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அதற்குள் இடம் உண்டு.
பாண்டு வாத்தியம் வாசலுக்கு இடப்பக்கம்,
பாடகர் குழு மேலே, கொஞ்சம் பின்னால்.
முன்வரிசையில் ஒரு குழந்தை தண்ணீர் கேட்கிறது:
கை நீட்டினால் டம்ளரைக் கொடுத்துவிடலாம்.

ஒன்பது மணி நேரம் மாட்டியிருந்தால்
உச்சியில் முடி பள்ளம் விழும்.
கம்மல் திருகு காதுக்குப் பின்னால் குத்தும்.
வேர்வை வேறு. பெர்க்மான்ஸ் அண்ணன் ஏசி போடமாட்டார்,
ரெக்கார்டிங்கில் இரைச்சல் விழுமாம்.
இங்கே யார் ரெக்கார்டிங் செய்கிறார்கள் என்று
நான் கேட்டதில்லை.

இன்-இயரில் கனமில்லை. கம்மல் பாட்டுக்கு ஆடலாம்.
பாஸ் அடித்தால் தொண்டைக்குழி வரை இறங்கும்.
ஆனால் இடமில்லை,
போதகர், பாண்டு, பிரியாணி அண்டா எல்லாம்
என் இரண்டு புருவத்துக்கு நடுவே
நெருக்கியடித்து நிற்கிறார்கள்.
எச்சில் விழுங்கினால் யாரோ கதவைச் சாத்துகிறார்கள்.
ஏத்தங்கா சிப்ஸ் கடித்தால்
சித்திரங்கோட்டுக் கல்குவாரி.
மூன்று தரம் கூப்பிட்டாராம் அண்ணன்.
திரும்பிய வேகத்தில் அவர் கொண்டுவந்த டீ முழுக்கக் கீபோர்டில்.

எது நல்லதுக்கா, என்று அஜின் வாரம் ஒருமுறை கேட்கிறான்.
எண்ணூறு ரூபாய் பாக்கி. அதனால் கேட்கிறான்.

போன வாரம் திங்கள்நகர் கல்யாணம்.
ரெனிஷா, ஜோபின் ராஜ்.
மாப்பிள்ளையின் கோட்டில் குட்டி மைக்.
இரைச்சல் எல்லாத்தையும் எடுத்துருங்க, என்றார்
பணம் கட்டிய மாமா.
நாற்பத்தோராவது நிமிடம், பிரசங்கம்,
போதகர் பொறுமையைப் பற்றிப் பொறுமையாகப் பேசுகிறார்.
ஹெட்போனில் கேட்டு ‘துணி உரசல், வெட்டு’ என்று
குறித்து வைத்திருந்த இடம்.

இன்-இயரில்,
“செருப்பு கடிக்கி.”
இரண்டு விநாடி ஒன்றுமில்லை.
“கழத்திப் போடு. சேலை மறைக்கும்.”
பிறகு மெத்தென்று ஒரு சத்தம்.
கொஞ்சம் விட்டு இன்னொன்று.

படத்தை நிறுத்திப் பார்த்தேன்.
அவன் காது வரை இருந்தவள்
அந்த நிமிடத்துக்கு அப்புறம் நாலு விரல் இறங்கி
தாடை உயரத்தில் நிற்கிறாள்.
கேக் வெட்டும்போதும் அப்படியே.
குடும்பப் படம் பதினேழிலும் அப்படியே.
கேமராக்காரன் கண்டானோ என்னவோ,
சட்டகம் மட்டும் மாறவேயில்லை.

வெட்டவில்லை.
போதகரை ஒரு புள்ளி தாழ்த்தினேன்,
அதற்கு மேல் தைரியம் வரவில்லை.
ஹெட்போனை மாட்டிச் சரிபார்த்தால்
பழையபடி துணி உரசல்,
விசாலமான ஒரு ஆலயம், எங்கோ மின்விசிறி.
அவர்கள் டிவியில்தான் போட்டுப் பார்ப்பார்கள்,
சுவரகலத் திரையில், மாமாக்கள் சூழ,
தட்டில் முந்திரிக்கொத்து.
டிவியில் இது கேட்காது.

அஜினுக்கு எண்ணூறு அனுப்பினேன்.
எது நல்லது என்று எழுதவில்லை.
இடது காது மட்டும் இன்னும் அரிக்கிறது.